வீட்டினுள் ஒரு பசுமை

தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவருள் பலருக்கு முற்றமும் இல்லை; கொல்லையும் இல்லை. ஆயினும் ஜன்னலோரத்தில் ஒரு துளசித் தொட்டியாவது கற்பூரவள்ளியாவது வைத்துப் பேணி வருகின்றோம். அண்மைக் காலமாக, வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று கூறியும் செடிகள் விற்கப்படுகின்றன. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்ந்து தெளிதல் நலம்.

இந்நம்பிக்கை பரவக் காரணமாயிருந்தது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வாகும். காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் செடிகளை வைத்து, பென்சீன் போன்ற நச்சு ஆவிகள் குறைவதைக் கண்டனர். ஆனால் நம் வீடு மூடிய கூண்டன்று. கதவிடுக்கு வழியாகவும் காற்று ஓயாது வந்து போகின்றது. 2019-இல் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தனர். காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமாயின், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் எனக் கணக்கிட்டனர். அத்தனையும் வைத்தபின் நாம் எங்கே குடியிருப்பது?

ஆகவே, பனிக்காலப் புகைமூட்டத்தில் குழந்தைக்கு மூச்சிரைத்தால், செடி இருக்கின்றதே என்று வாளாவிருத்தல் தகாது. உடனே மருத்துவரை நாட வேண்டும். சமையற் புகை வெளியேறவும் வழி செய்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் செடியால் பயனே இல்லையோ? உண்டு. ராஜர் உல்ரிச் என்பார் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஜன்னல் வழியே மரங்களைக் கண்டிருந்த நோயாளிகள், செங்கற்சுவரைக் கண்டிருந்தவரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. தொட்டிச் செடி மரத்துக்கு ஈடன்று. எனினும் பசுமை மனத்துக்கு இதமளிப்பது என்பதற்கு இது சான்று. மகனுடனோ மகளுடனோ வசிக்க ஊரை விட்டு வந்து, மொழி புரியாத அயலாரிடையே பகற்பொழுதைத் தனித்துக் கழிக்கும் பெரியோருக்கு, நாள்தோறும் நீர் வார்த்துக் கவனிக்க ஓர் உயிர் இருப்பது சிறிய காரியமன்று.

இரண்டு எச்சரிக்கைகள் உள. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் அடித்தட்டிலும் மணி பிளான்ட் வைத்த புட்டியிலும் தேங்கும் நீரில் பெருகும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும். எனவே வாரந்தோறும் நீரைக் கொட்டி, ஒட்டியிருக்கும் முட்டைகள் நீங்குமாறு தேய்த்துக் கழுவுதல் அவசியம். அடுத்து, டிஃபன்பேக்கியா என்னும் வெண்புள்ளி இலைச் செடியைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டா.

புதிதாகத் தொடங்குவோர் அண்டை வீட்டில் ஒரு கற்பூரவள்ளிக் கிளை கேட்டு வாங்கி நட்டாலே போதும், எளிதில் வேர்விடும். தில்லி அன்பர்கள் கடுங்குளிர் இரவுகளில் துளசியை உள்ளே வைத்து, பகலில் வெயிலில் வைப்பார்களாக. இல்லையேல் அது கருகிவிடும்.