பேராசிரியர் முண்டசேரியும் வாத்தியார் சம்பளமும்

கல்லூரி ஆசிரியர்கள் அரசியலுக்கு வருவது நமக்குப் புதிதல்ல. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்திய க. அன்பழகன் 1957-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் புகுந்தார்; கடைசிவரை பேராசிரியர் என்றே பெயர் நின்றது. அதே 1957-இல் நம்ம திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் வந்து அமர்ந்த இன்னொரு பேராசிரியர் ஜோசப் முண்டசேரி. அன்பழகனைத் தெரிந்த அளவுக்கு வலியசாலைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இவரைத் தெரியாது. ஆனால் நம் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களில் இவர் கைபட்ட காரியம் இன்றும் இருக்கிறது.

1903-இல் திருச்சூர்ப் பக்கம் பிறந்தவர். படித்துப் பட்டம் வாங்கியது பௌதிகம். பேர் வாங்கியதோ மலையாள விமரிசனத்தில். திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் 1952 வரை மொழித்துறைத் தலைவர். இடையிலே 1948-இல் கொச்சிச் சட்டசபை, பிறகு 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சபை. 1957-இல் மணலூர்த் தொகுதியில் வென்று, இ.எம்.எஸ். மந்திரிசபையில் கல்வி மந்திரியானார்.

அந்தக் காலத்துத் தனியார் பள்ளி வாத்தியார் நிலையைச் சொன்னால்தான் இவர் செய்தது விளங்கும். முழுச் சம்பளம் பெற்றுக்கொண்டதாக ரெஜிஸ்டரில் கையெழுத்து. கையில் கிடைப்பது அதற்குக் குறைவு. கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதன் பெயர் தெரியும்: பொய்க்கணக்கு. மேனேஜருக்குப் பிடிக்கவில்லையானால் வேலையும் போச்சு. தனியார் கல்லூரி ஆசிரியன் படும் பாட்டை ‘ப்ரொஃபசர்’ என்று நாவலாகவே எழுதியவர் முண்டசேரி. மந்திரியானதும் அதையே மசோதாவாக எழுதினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1957 ஜூலையில் வந்த கேரளக் கல்வி மசோதாப்படி எய்டட் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேராகவோ தலைமையாசிரியர் வழியாகவோ சம்பளம் கொடுக்கும். பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்ந்தெடுத்தவர்களிலிருந்துதான் ஆளை நியமிக்க வேண்டும். சரியாக நடக்காத பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளலாம்.

ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் இதைச் சுப்ரீம் கோர்ட்டின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22-இல் வந்த பதிலில் நமக்கும் பங்கு உண்டு, கவனியுங்கள். நியமனப் பிரிவு முதலானவை எல்லைக்கோடு வரை வந்துவிட்டன, ஆனாலும் தாண்டவில்லை என்றது கோர்ட். பள்ளியை எடுத்துக்கொள்ளும் பிரிவுகளோ சிறுபான்மையோர் உரிமையில் கைவைப்பவை என்றது. யார் சிறுபான்மை? சட்டம் மாநிலம் முழுமைக்கும் ஆனதால் மாநிலத்து ஜனத்தொகை முழுவதையும் வைத்தே எண்ண வேண்டும் என்று விடை. ஒரு தெருவிலே நாம் அதிகமாக இருக்கலாம். அந்தக் கணக்கு செல்லாது. 1956 நவம்பரில் நாஞ்சில் நாட்டுத் தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு போனபின் இங்கே எண்ணிக்கை குறைந்துபோன தமிழர்களுக்கு இது சின்ன விஷயமா? மொழிச் சிறுபான்மைக்கும் 30-ஆம் ஷரத்து பொருந்தும்.

திருத்திய சட்டத்துக்கு 1959 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் கத்தோலிக்கச் சபையும் மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் ஒரே பக்கம் நின்று விமோசன சமரம் நடத்தின. ஜூலை 31-இல் மந்திரிசபை கலைக்கப்பட்டது. முண்டசேரியும் கிறிஸ்தவர்; சபைக் கல்லூரியிலே பல வருஷம் இருந்தவர். உள்ளிருந்து போனவர் கேட்ட கணக்கு என்பதால்தான் அவ்வளவு கசந்தது என்பது என் அபிப்பிராயம். வகுப்பிலே சொல்லிவிட்டால் போதும், பையன் எழுதிக்கொள்வான். சட்டசபைக்கு வெளியே அது நடக்காது. அந்தப் பொறுமை அவருக்குக் கொஞ்சம் குறைவு.

1960-இல் அடுத்த அரசு நியமன அதிகாரத்தை மேனேஜர்களிடமே திருப்பிக் கொடுத்தது. சம்பளப் பிரிவு நின்றது. ஆகவே இன்றும் எய்டட் பள்ளியில் ஆள் எடுப்பது ஒருவர், காசு கொடுப்பது அரசு. பி.எட். முடித்த பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டாம்.

முண்டசேரி 1970-இல் திருச்சூரிலிருந்து மறுபடி சட்டசபைக்கு வந்தார், 1971-இல் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார், 1977-இல் காலமானார். ‘கொழிஞ்ஞ இலகள்’, அதாவது உதிர்ந்த இலைகள், என்று தன்வரலாறு எழுதியிருக்கிறார். நமக்கு எழுத்துக் கூட்ட வராவிட்டாலும் இங்கே படித்த பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அவர்களை உட்கார்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.