ரிக்ஷா: தலையை இழந்த ஒரு சொல்

"ரிக்ஷாவில் வந்து இறங்கினேன்" என்று ஒரு நண்பர் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதில் வந்தார்? அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். முதலில் உறையைத் திருப்பி, கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

மும்பை என்றால் அவர் வந்தது மோட்டார் வண்டியில். நாம் ஆட்டோ என்கிறோமே, அதில். டாக்கா என்றால், ஒருவர் மிதித்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில். கல்கத்தாவின் சில பழைய தெருக்கள் என்றால், மனிதர் ஒருவர் கைகளால் இழுத்துக்கொண்டு போகும் இரு சக்கர வண்டியாகவும் இருக்கலாம். சொல் ஒன்றுதான். ஆனால் வண்டியும் வேறு, அதை நகர்த்தும் ஆற்றலும் வேறு. இது எப்படி நேர்ந்தது?

ரிக்ஷா ஜப்பானியச் சொல். அங்கே அதன் முழு உருவம் 'ஜின்ரிகிஷா'. மூன்று எழுத்துகளால் ஆனது. 'ஜின்' என்றால் மனிதன், 'ரிகி' என்றால் வலிமை, 'ஷா' என்றால் வண்டி. மனித வலிமையால் ஓடும் வண்டி என்று பொருள். எவ்வளவு நேர்மையான பெயர், பாருங்கள்! வண்டி எதனால் ஓடுகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

இந்த 'ரிகி' என்ற எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு 'ரியோக்கு' என்று இன்னொரு உச்சரிப்பும் உண்டு. புவியீர்ப்பு விசையை ஜப்பானியர் 'ஜூரியோக்கு' என்கிறார்கள், மின்திறன் 'டென்ரியோக்கு', அணு ஆற்றல் 'கென்ஷிரியோக்கு'. விசை, திறன், ஆற்றல் மூன்றுக்கும் அதே ஓர் எழுத்து! இயற்பியல் தேர்வில் இந்த மூன்றையும் மாற்றி எழுதினால் நமக்கு மதிப்பெண் போய்விடும். ஜப்பானிய மாணவர்கள் பாடு எப்படியோ!

1870-இல் இந்த வண்டியைச் செய்து ஓட்டுவதற்குத் தோக்கியோ நகர நிர்வாகத்திடம் மூன்று பேர் அனுமதி பெற்றார்கள். இசுமி யோசுகே, சுசுகி தொகுஜிரோ, தக்காயாமா கோசுகே என்பன அவர்கள் பெயர்கள். (இதை முதலில் கண்டவர் ஓர் அமெரிக்கப் பாதிரியார் என்று சொல்பவர்களும் உண்டு.) அதற்கு முன் அங்கே வசதியுள்ளவர்கள் 'காகோ' என்னும் பல்லக்கில் போனார்கள். அதை இரண்டு பேர் தோளில் சுமக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். பல்லக்கில் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால், அவருடைய எடையான 600 நியூட்டன் முழுவதையும் தோள்கள்தான் தாங்கவேண்டும். பல்லக்கின் எடை வேறு. ரிக்ஷாவிலோ எடையைச் சக்கரமும் தரையும் தாங்கிக்கொள்கின்றன. இழுப்பவர் சாலையின் தடையை மட்டும் வென்றால் போதும். வண்டியும் இரண்டு பயணிகளுமாக 200 கிலோ என்று கொள்வோம். எடை 2,000 நியூட்டன். ஓரளவு நல்ல சாலையில் தடை இதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால், இழுக்க வேண்டியது 40 நியூட்டன்தான். நான்கு கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற விசை! ஒருவர் இருவரை இழுத்துக்கொண்டு ஓட முடிந்தது இதனால்தான். ஆகவே பிறந்த காலத்தில் ரிக்ஷா ஒரு முன்னேற்றமே. இன்று அதைக் கொடுமை என்கிறோம். பல்லக்கு தூக்கியவரைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

ஆனால் கணக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் தேவைப்படும் திறன் 40 x 2 = 80 வாட். நல்ல உடற்கட்டு உள்ள ஒருவர் பல மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமார் 75 வாட்தான். சமதளத்தில் மெதுவாக ஓடும்போதே மனித உடல் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது! நான்கு மணி நேரம் 75 வாட் வீதம் உழைத்தால் அது 10,80,000 ஜூல் வேலை. தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். அப்படியானால் ஏறத்தாழ 1,000 கிலோகலோரி உணவு வேண்டும். சுமார் 300 கிராம் அரிசி. இது வண்டியை இழுக்க மட்டும். தன் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடும் செலவு இதில் சேரவில்லை. வாடகை வண்டி இழுத்தவருக்கு அன்றைய கூலியில் வாடகை போக எவ்வளவு அரிசி மிஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மேடு வந்தால்? 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏறும் சாலையில், அதே 200 கிலோவை ஏற்ற 100 நியூட்டன் கூடுதலாக வேண்டும். 40 நியூட்டன் 140 ஆகிவிடுகிறது, மூன்றரை மடங்கு. வெள்ளைக்காரர்கள் கோடையைக் கழித்த சிம்லா மலைப் பாதைகளில் ஒரு ரிக்ஷாவுக்கு நான்கு பேர் இருந்தார்கள் என்றால் காரணம் இப்போது புரிகிறதல்லவா? ஆடம்பரமும் இருந்திருக்கலாம், ஆனால் அடிப்படை இயற்பியல்தான்.

அந்தச் சிம்லாவிலேதான் ரட்யார்ட் கிப்ளிங் 1885-இல் தம் பேய் ரிக்ஷாக் கதையை நடக்கவிட்டார். அதன் ஆங்கிலத் தலைப்பில் ரிக்ஷா என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மேற்காற்புள்ளி இருக்கும். இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. விட்டுப்போனது எது? 'ஜின்'. மனிதன்! நீளமான சொல்லை ஆங்கிலேயர் நாக்கு சுருக்கியபோது முதலில் உதிர்ந்தது அவன்தான். பிறகு அந்தப் புள்ளியும் மறைந்துவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு மனிதன் ஓடிக்கொண்டேதான் இருந்தான். பெயரில் மட்டும் அவன் இல்லை.

தலை போனதும் சொல்லுக்கு ஒரு வசதி கிடைத்தது. எந்த ஆற்றலையும் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்! மிதி வண்டி வந்தது, சைக்கிள் ரிக்ஷா ஆயிற்று. அது பரவியதும் பழைய வண்டிக்கு அடையாளம் வேண்டியிருந்தது. 'கை ரிக்ஷா' என்றார்கள். இது நமக்குப் புதிதன்று. எள்ளின் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காயிலிருந்து வந்ததும், மண்ணிலிருந்து வந்ததும்கூட எண்ணெய் ஆகிவிட, மூத்தவளை 'நல்லெண்ணெய்' என்று தனியே அழைக்க வேண்டியதாயிற்று. 1971-இல் வந்த 'ரிக்ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். ஓட்டுவது சைக்கிள் ரிக்ஷா. தலைப்பில் 'சைக்கிள்' இல்லாமலே மக்களுக்குப் புரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1973-இல், தமிழ்நாட்டில் கை ரிக்ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷாக்கள் தரப்பட்டன. மிதிப்பதும் அதே மனிதத் திறன்தான். ஆனால் ஓட்டுபவரின் உடலையும் இப்போது சக்கரம் தாங்குகிறது. அது சிறிய மாற்றமன்று.

அடுத்து மோட்டார் வந்தது. 'ஆட்டோ' என்பது கிரேக்க மூலம் உடையது. 'தானே' என்று பொருள். ஆட்டோ ரிக்ஷாவை ஜப்பானிய மூலத்தோடு சேர்த்துப் படித்தால் 'தானே ஓடும் மனித வலிமை வண்டி' என்று வரும். முரண்பாடுதான்! நாம் ஒரு படி மேலே போய் ரிக்ஷாவையும் வெட்டிவிட்டு ஆட்டோவை மட்டும் வைத்துக்கொண்டோம். மும்பைக்காரர்கள் ஆட்டோவை விட்டுவிட்டு ரிக்ஷாவை வைத்துக்கொண்டார்கள். ஒரே பெயரை இரண்டு ஊர்கள் பாகம் பிரித்துக்கொண்ட கதை இது.

இப்போது மின்கலத்தில் ஓடும் 'இ-ரிக்ஷா' வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மாதேரான் என்று ஒரு மலை ஊர். புகையும் இரைச்சலும் வேண்டாம் என்று அங்கே மோட்டார் வண்டிகளுக்குத் தடை. சுற்றுலாப் பயணிகளுக்கு அது சுகமான தடை. ஆனால் அதே காரணத்தால் அங்கே மனிதர்கள் மனிதர்களை மேட்டிலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். இது மனித கண்ணியத்துக்கு ஒவ்வாதது என்று கூறி, ஆறு மாதத்துக்குள் கை ரிக்ஷாக்களை நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இழுத்தவர்கள் பிழைப்பை இழக்காதபடி அவர்களுக்கு இ-ரிக்ஷா கிடைக்க வழி செய்யவும் சொன்னது.

இ-ரிக்ஷா எதையாவது பார்த்தால் அதன் மோட்டார் எத்தனை வாட் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். 1,000 வாட் அளவில் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார். அதை 75-ஆல் வகுத்துப் பாருங்கள். எத்தனை 'ஜின்' அந்த இருக்கைக்கு அடியில் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.