தொட்டிக்குள் கடல்: எந்தத் தண்ணீர், எந்த உப்பு?

கடல் மீன் தொட்டிக்கான தண்ணீரைக் கடலிலிருந்து எடுத்து வரலாம். அல்லது சுத்தமான நீரில் உப்புக் கலந்து வீட்டிலேயே தயாரிக்கலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டை அடுத்துள்ள பென்னலூர் போன்ற ஊருக்கு இரண்டாவது வழியே ஏற்றது. கடற்கரை இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்பது அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் கடல்நீரிலேயே இருக்கிறது.

கடல் மீனின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, அதைச் சுற்றியுள்ள நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. தொட்டி நீரில் என்ன கலந்திருந்தாலும் அது மீனின் குடலுக்குள் போகும் என்பதே இதன் பொருள். நன்னீர் மீன்கள் தண்ணீரைக் குடிப்பது மிகக் குறைவு. கப்பி, மோலி வளர்த்துப் பழகியவர்கள் கோமாளி மீனுக்கு மாறும்போது தடுமாறும் இடம் இதுதான்.

கடல்நீர் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மீதியில் சல்பேட் 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவில் உள்ளன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, 1884இல் முடிவை வெளியிட்டார். மொத்த உப்பின் அளவு கடலுக்குக் கடல் மாறினாலும், முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் அநேகமாக மாறுவதில்லை என்பதை அது உறுதிப்படுத்தியது. செயற்கைக் கடல் உப்பைப் பொட்டலத்தில் அடைத்து விற்க முடிவது இந்த விகிதத்தின் நிலைத்தன்மையால்தான்.

சென்னைக் கரையோரக் கடலில் அந்த மொத்த அளவு ஆண்டு முழுக்க ஒரே நிலையில் நிற்பதில்லை. கோடையில் கிலோவுக்கு 34 கிராமுக்கு அருகில் இருக்கும் உப்பளவு, வடகிழக்குப் பருவமழையின்போது 30க்கும் கீழே இறங்குவதுண்டு. கொட்டும் மழை ஒருபுறம். கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவந்து சேர்த்த நன்னீரைக் கரையோர நீரோட்டம் அந்த மாதங்களில் தெற்கு நோக்கித் தள்ளிவருவது மறுபுறம். கூவம், அடையாறு முகத்துவாரங்களின் கழிவு தனிக்கதை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிப் பரவிய எண்ணெய்ப் படலத்தைக் கரையில் நின்று வாளியால் அள்ளியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீரிலும் ஒட்டுண்ணிகளும் நுண்ணுயிரிகளும் இருக்கும். கடல்நீரே வேண்டும் என்பவர்கள் மழை மாதங்களைத் தவிர்த்து, முகத்துவாரங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி எடுக்க வேண்டும். மாமல்லபுரம், மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சு பொரிப்பகங்கள் செய்வதுபோல வடிகட்டி, குளோரின் போட்டு, காற்றோட்டம் கொடுத்து, சோடியம் தயோசல்பேட்டால் மிச்சக் குளோரினை நீக்கியாக வேண்டும். வாரந்தோறும் தண்ணீர் மாற்ற வேண்டிய வீட்டுக்கு இது தாங்கும் வேலை அல்ல.

வீட்டில் தயாரிக்கும் வழியில் முதல் கேள்வி, உப்பைக் கலக்கும் நீர் எது என்பது. போர் தண்ணீரில் கடினத்தன்மையும் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் இருக்கலாம். ஊராட்சிக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் விட்டுச்சென்ற குளோரின் இருக்கும். சிலிக்கேட் மிகுந்தால் மணலின் மேல் பழுப்புப் படலம் படரும். ஆகவே ஆர்.ஓ. நீர் அவசியம். சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ.வில் ஒரு சிக்கல் உண்டு: குடிக்க ருசியாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பல கருவிகளில் டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்களின் அளவு) கன்ட்ரோலர் வழியே கொஞ்சம் மூல நீரைத் திரும்பக் கலப்பார்கள், அல்லது தாது உப்பு சேர்ப்பார்கள். மீன் தொட்டிக்கு எடுக்கும் நீர் அந்தக் கட்டத்துக்கு முன்பே பிரிய வேண்டும். டி.டி.எஸ். 800 உள்ள போர் தண்ணீரில் நல்ல சவ்வு 95 விழுக்காட்டை நீக்கினாலும் 40 மிஞ்சும். அதையும் எடுக்க, கடைசியில் அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்க்கிறார்கள்; டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டினால் நீர் தயார். மீன் மட்டும் உள்ள தொட்டிக்குச் சிறு மிச்சம் பெரிய கேடு செய்யாது. முதுகெலும்பில்லா உயிர்கள் இருந்தால் 0 வேண்டும்.

20 லிட்டர் கேன் தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் காய்ச்சி வடித்த நீருக்குச் சமம் என்று நினைத்துச் சேமிப்பவர்கள் உண்டு. அது செம்புக் குழாய்களையும் அலுமினியத் தகடுகளையும் தழுவி வரும் நீர். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தொழிற்சாலைப் பகுதிகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய நீல நிற பேரல்களும் அப்படியே: முன்பு எந்த ரசாயனம் இருந்தது என்று தெரியாத பேரலை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. உணவுத் தரப் பிளாஸ்டிக்கில் புதிதாக ஒன்றை வாங்குவதே மேல்.

அடுத்தது உப்பு. கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். உப்பளப் பாத்தியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். மரக்காணத்திலோ தூத்துக்குடியிலோ கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படிந்து ஒதுங்குகின்றன. அதன் பிறகே சோடியம் குளோரைடு பூக்கிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வடிக்கப்பட்டுவிடும். சமையலுக்கு அதுதான் நல்ல உப்பு. மீனுக்குத் தேவையான பாதி அதில் இல்லை. எனவே தொட்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட செயற்கைக் கடல் உப்பு வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் என்ற கணக்கில், 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும்.

நீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. செறிவு திடீரென ஏறினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. பவர்ஹெட் எனும் சிறு நீர்ச்சுழற்சிப் பம்ப்பை ஓடவிட்டு, சிறிது சிறிதாகத் தூவி, ஒரு நாள் சுழலவிட்டபின் அளந்து பார்க்க வேண்டும். 25 டிகிரியில் அடர்த்தி எண் 1.025–1.026 என்றால் சரி. மிதவை ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது, அதையும் 35 உப்பளவுள்ள தரக் கரைசலால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பி.எச். 8.1க்கும் 8.4க்கும் இடையில் இருக்கட்டும்.

நீர் தயாரானவுடன் மீனை விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பி.எச். உயர்வான கடல்நீரில் அமோனியாவின் நஞ்சு கூடுதல் என்பதால் இங்கே அவசரம் நேரடியாக மீனின் உயிரோடு விளையாடுவது. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி 0 ஆகும் வரை சோதித்துவர வேண்டும். வெளிநாட்டு வளர்ப்பு முறைகளில் பாக்டீரியா குடியேறுவதற்காகப் பவளப்பாறைத் துண்டுகளைப் போடச் சொல்வார்கள். இந்தியாவில் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த துண்டை யார் விற்றாலும் வாங்கினாலும் குற்றம். கடல் குதிரைக்கும் அதே சட்டம்தான். நுண்துளைப் பீங்கான் வளையங்களிலேயே பாக்டீரியா நன்றாகக் குடியேறும்.

மே மாதத்து மாடி வீட்டில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏறக் கரைந்த ஆக்சிஜன் குறையும். சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட்டால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். பெரிய தொட்டிக்குச் சில்லர் வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அல்ல. குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நாள்தோறும் நிரப்ப வேண்டும். வாரம் 10 விழுக்காடு மாற்றுவதற்கு மட்டுமே உப்புக் கலந்த நீர்.

மாற்றி எடுத்த பழைய நீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடலாம். தோட்டத்திலும் கிணற்றோரத்திலும் மழைநீர்க் கால்வாயிலும் ஊற்றக் கூடாது, மண் உவர்க்கும். மேலும், பென்னலூர் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் சேரும் இடம், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி.