மின்சாரக் காருக்குக் கூடுதல் வாரண்டி தேவைதானா?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தோம். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் நாகர்கோவில் நண்பர் அருகில் வந்தார். "அண்ணாச்சி, நீங்க ரயில்வேல எலெக்ட்ரிக்கல் பார்த்தவுங்கல்லா? மின்சாரக் காரு புக் பண்ணிருக்கேன். கூடுதலா ரெண்டு வருஷ வாரண்டிக்கு முப்பதாயிரம் கேக்கான். கட்டலாமா, வேண்டாமா?" என்றார்.

நான் சிரித்தேன். அதே வாரம்தான் நானும் ஒரு மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியிருந்தேன். அதே போன்ற விலைத்தாள் என் சட்டைப் பையிலும் இருந்தது. "ஒரு வாரம் பொறுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். படித்ததில் தெரிந்துகொண்டதை மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பயம் பாட்டரியைப் பற்றித்தான்

மின்சாரக் கார் என்றதும் எல்லோரும் சொல்வது, "பாட்டரி போனால் கார் போச்சு" என்பதுதான். இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா கார் ஈய அமில பாட்டரியில் ஓடியது. அந்த பாட்டரியின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்கும் 110 வோல்ட் தரும் 56 செல்களைப் பராமரிப்பதில்தான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. சில ஆண்டுகளில் அவை களைத்துப் போகும்.

இன்றைய லித்தியம் அயனி பாட்டரி வேறு ஜாதி. அதற்கு நிறுவனங்களே நீண்ட வாரண்டி தருகின்றன. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் வந்தபோது பாட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்று உறுதி கூறினார்கள். மஹிந்திரா 2024 நவம்பரில் வெளியிட்ட கார்களுக்கு, முதல் உரிமையாளரான தனிநபருக்கு ஆயுட்கால பாட்டரி வாரண்டி அறிவித்தது. 2025இல் டாடாவும் சில மாடல்களுக்கு அதேபோல் அறிவித்தது. அங்கே ஆயுட்காலம் என்பதற்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு என்று பொருள்.

ஆகவே, காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வாரண்டி பெரும்பாலும் பாட்டரிக்கானது அல்ல. பாட்டரிக்குப் பயந்து அதை வாங்குகிறவர், மழைக்குப் பயந்து கம்பளி வாங்குகிறவர் மாதிரி.

பாட்டரி வாரண்டியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சேமிப்புத் திறன் குறைவதையும் அது ஏற்கிறதா, எத்தனை சதவீதம் வரை என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வெப்பம் மிகுந்த அரிசோனாவில் 2012இல் நிஸான் லீஃப் வைத்திருந்தவர்கள், கார் ஓடும் தூரம் சீக்கிரமே குறைந்துவிட்டதென்று புகார் செய்தார்கள். அப்போதைய வாரண்டி திறன் குறைவை ஏற்கவில்லை. புகார் வலுத்த பிறகுதான், 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 12 கோடுகளில் 9க்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக நிறுவனம் கூறியது. இன்று 70 சதவீதம் என்ற எல்லை பரவலாக இருக்கிறது. புதிதில் 300 கிலோமீட்டர் ஓடிய கார் 220 ஓடினால் அது குறைபாடு அல்ல. 210க்கும் கீழே வந்தால்தான் கேட்க முடியும்.

பிறகு எதற்கு இந்த வாரண்டி?

பாட்டரி, மோட்டார் தவிர்த்த மற்ற உறுப்புகளுக்கு. முன்னே சொன்ன நெக்ஸானில் அவற்றுக்கு 3 ஆண்டு அல்லது 1.25 லட்சம் கிலோமீட்டர்தான். வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றும் சார்ஜர், பெரிய பாட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துத் தரும் கன்வர்ட்டர், திரை, ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங் மோட்டார் போன்றவை இதில் வரும். இவற்றைப் பிரித்து ரிப்பேர் பார்ப்பது அரிது. முழுப் பெட்டியாகத்தான் மாற்றுவார்கள். செலவு அங்கேதான்.

12 வோல்ட் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடினாலும், எஞ்சினுக்குள் இருக்கும் 110 வோல்ட் பாட்டரி செத்துவிட்டால் பாண்டோகிராப்பை உயர்த்த முடியாது, லோகோ நகராது. காரும் அப்படியே. 2024 ஜூனில் ஹூண்டாய் தன் அயோனிக் 5 கார்கள் 1,744ஐ இந்தியாவில் திரும்ப அழைத்ததே, சார்ஜிங்கைக் கவனித்து 12 வோல்ட் பாட்டரிக்கும் ஊட்டம் தரும் கருவியில் இருந்த குறைக்காகத்தான். இப்படி நிறுவனமே அழைக்கும்போது வேலை இலவசம்.

வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு

இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தயாரிப்புக் குறைக்கு மட்டுமே வாரண்டி. 2023 அக்டோபர் மழையில் கழக்கூட்டம் பக்கம் தெருக்களில் வெள்ளம் நின்றதே, அப்படித் தண்ணீர் புகுந்து கெட்டால் இன்சூரன்ஸிடம்தான் போக வேண்டும். துலாவர்ஷ இடியில் வீட்டு இணைப்பு வழியாக மின்னல் அதிர்ச்சி வந்து சார்ஜர் கருகினாலும் வாரண்டி கைகொடுக்காது. வாரண்டிப் பணத்தைப் பற்றி யோசிக்கும் முன், சார்ஜிங் பாயிண்டுக்கு நல்ல எர்த்தும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும், சர்ஜ் தடுப்பானும் வைத்துவிடுங்கள்.

"எது முந்தியதோ அது"

இனி என் சொந்தக் கதை. வெட்கத்துடன்தான் சொல்கிறேன். முன்பு வைத்திருந்த பெட்ரோல் காருக்குக் கூடுதல் வாரண்டி வாங்கியிருந்தேன். மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் வெளிநாடு சென்று ஆறு மாதம் தங்கினோம். கார் கரமனை வீட்டு ஷெட்டில் நின்றது. திரும்பி வந்து சில வாரங்களில் ஏசி கம்ப்ரஸர் போயிற்று. வாரண்டிக் காகிதத்துடன் தெம்பாகப் போனேன். ஒரு சர்வீஸ் இரண்டு மாதம் தாமதம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். "கார் ஓடவே இல்லையே ஐயா" என்றேன். "கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்தியதோ அது" என்ற வரியைக் காட்டினார்கள்.

ரயில்வேயில் டெண்டர்க் காகிதங்களில் அதே வரியை எத்தனை சப்ளையரிடம் நான் காட்டியிருப்பேன்! என் சொந்தக் காகிதத்தில் மட்டும் படிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகும் நம் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புறப்படும் முன் சர்வீஸை முடித்துவிடுங்கள், அல்லது சலுகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் மேலும் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். வாரண்டி தருவது கார் நிறுவனமா, டீலரா, வேறு கம்பெனியா? அதை இப்போதே வாங்க வேண்டுமா, முதல் வாரண்டி முடியும் முன் வாங்கினால் போதுமா? விலை ஜி.எஸ்.டி. சேர்த்ததா? காருக்கு 5 சதவீதம் என்றாலும் இதற்கு 18. நான்காவது, என் போன்ற வயதானவர்களுக்கு முக்கியம்: பெயர் மாறினால் வாரண்டி என்ன ஆகும்? மஹிந்திராவின் ஆயுட்கால வாரண்டி, கார் கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கும். எனக்கு வயது 67. 15 ஆண்டு வாக்குறுதியை யார் பெயரில் வாங்குவது என்று வீட்டில் இரண்டு நாள் பேசினோம். கடைசியில் மகன் பெயரில் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. மனைவிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனாலும் பேசத்தான் வேண்டியிருந்தது.

கணக்கு

முப்பதாயிரத்தை இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 1,250 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் ரிப்பேர் வரும் வாய்ப்பு பத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால்தான் கணக்குப்படி லாபம். ஆனால் தாங்க முடிந்த நஷ்டத்துக்கும் தாங்க முடியாத நஷ்டத்துக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. ஒரு லட்சத்தைச் சேமிப்பிலிருந்து எடுக்க முடிந்தவர் வாரண்டியை விட்டுவிடலாம். எடுத்தால் வீடு ஆட்டம் காணும் என்பவர் கட்டிவிட வேண்டும்.

சாலை நண்பர் வாரம் இருமுறை நாகர்கோவில் போய் வருகிறவர். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடும். கடன் வாங்கி வாங்குகிறார், கார் நின்றால் வியாபாரமும் நிற்கும். அவரிடம், "முதல் நாளே கட்டிருங்க. ஆனா எல்லா சர்வீஸ் பில்லையும் ஒரு பைல்ல போட்டு வைங்க" என்றேன்.

நான் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் தாண்டமாட்டேன். முதல் மூன்று ஆண்டு முடியும் முன் வாங்கினால் போதும் என்று என் காகிதத்தில் இருக்கிறது. அதுவரை அந்தப் பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைக்கிறேன். கார் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வேன். கடைசி நாள் மறக்காமலிருக்க மனைவியின் டைரியில் எழுதியாயிற்று. என் ஞாபகத்தை நம்புவதில்லை.

நியாயமில்லாமல் மறுத்தால் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரை நாகர்கோவிலில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் திருவனந்தபுரத்திலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அது பெரிய வசதி. ஆனால் அங்கேயும் காகிதம்தான் பேசும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் பொடி எழுத்தையும் படியுங்கள். கண்ணாடி போட்டாவது படியுங்கள்.