பாவித்த டீசல் கெப் வாங்கியவர் முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

மாவனல்லைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர், வாரச் சந்தைகளுக்குப் பாய், பிளாஸ்டிக் சாமான்கள் கொண்டு சென்று விற்பவர். பல வருடங்கள் கூலி வாகனத்திலேயே சரக்கு ஏற்றி வந்தார். லீசிங் எடுத்தால் வட்டியில் மாட்டிக்கொள்ள நேரிடும் என்று பொறுமையாக இருந்து, சேர்த்த காசையும் மனைவியின் நகையில் ஒரு பகுதியையும் திரட்டி, பாவித்த மிட்சுபிஷி டபள் கெப் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கினார். புதுப் பெயின்ட், புதுச் சீட் கவர், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது கிழமை சரக்குடன் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சடாரென்று ஒரு சத்தத்துடன் நின்றது. டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் பிஸ்டன்களில் மோதி வளைந்து, ரொக்கர் ஆர்ம்களும் உடைந்திருந்தன. கையில் காசு இல்லாததால் கெப் இரண்டு மாதம் கராஜிலேயே நின்றது. அவர் மறுபடியும் கூலி வாகனத்தில் சந்தைக்குப் போனார்.

அந்தப் பெல்ட்டை வாங்கிய அன்றே மாற்றியிருந்தால், பின்னர் எஞ்சினுக்குச் செலவான பணத்தில் ஒரு சிறு பங்குதான் முடிந்திருக்கும். ஆனால் வாகனத்தின் விலையைக் கொடுத்த பின் அவரிடம் எதுவுமே மிஞ்சவில்லை. எம்மவர்களில் அநேகர் செய்யும் தவறு இதுதான். வட்டி வேண்டாம் என்று ரொக்கத்துக்கு வாங்குவது நல்ல விடயம். ஆனால் இருப்பதெல்லாவற்றையும் வாகனத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. 10 இல் ஒரு பங்கையாவது முதல் மாதத்துக்கென ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எந்த வாகனம் வருமோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட 5 வருடங்களில் நாட்டிலிருந்த பழைய கெப்களே கைமாறிக் கைமாறி ஓடின. 20, 25 வருடம் பழைய கெப் ஒன்று இன்றும் உழைப்பது ஆச்சரியமல்ல, அவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டவை அவை. ஆனால் கடைசியாகப் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல அநேகமாக யாருமில்லை. மீற்றரை நம்பவும் முடியாது, அதைப் பின்னோக்கிச் சுற்றுவது பெரிய வித்தையல்ல. ஆகவே எதுவுமே மாற்றப்படவில்லை என்று எண்ணிக்கொண்டு ஆரம்பிப்பதே புத்தி.

முதலில் பெல்ட்

உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா, செயினா, பற்சக்கரமா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நிஸானின் பழைய டி.டி. 27 எஞ்சினில் பெல்ட் கிடையாது, பற்சக்கரங்களே உள்ளன. டொயோட்டா ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல் எஞ்சின்களில் பெல்ட் உண்டு. மிட்சுபிஷி எல்200 இல் வரும் 4டி56 எஞ்சினில் ஒன்றல்ல, இரண்டு பெல்ட்கள். உள்ளே இருக்கும் சிறிய பெலன்ஸ் பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் அதுவும் போய்விடும். பெரியதை மாத்திரம் மாற்றிவிட்டு 'வேலை முடிந்தது' என்று சொல்லும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். இரண்டையும், கூடவே டென்ஷனர் பெயாரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். பொதுவாக 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பழைய டொயோட்டா டீசல் வாகனங்கள் பலவற்றில் பெல்ட் மாற்றும் காலம் வந்ததும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரியவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். அதை அணைத்துவிடும் வழி விற்பவர்களுக்கும் தெரியும்.

புகைப் பரிசோதனைக்குப் போகும்முன் பெல்ட் மாற்றுவது இன்னும் நல்லது. டீசல் வாகனத்துக்கு அங்கே எக்ஸிலேட்டரைப் பல தடவைகள் அடிவரை மிதிப்பார்கள். நைந்த பெல்ட் அறுவதற்கு அதுவே போதும். பரிசோதனைக்கு முதல்நாள் பம்பில் டீசல் அளவைக் குறைத்து, பாஸானதும் கூட்டிக்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் உண்டு. கரும்புகை வருகிறதென்றால் எயார் பில்டர் அடைத்திருக்கும், அல்லது இன்ஜெக்டரில் பிழை இருக்கும். அதைச் சரிசெய்தால் டீசலும் மிச்சமாகும்.

ஒயில் சொல்லும் செய்தி

டீசல் எஞ்சினில் ஒயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைத் தன்னுள் இழுத்து வைத்திருப்பது ஒயிலின் வேலை, எனவே கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பால் தேநீர் நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து. எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒயிலூற்றும் மூடியை எஞ்சின் ஓடும்போது கழற்றிப் பாருங்கள். மூச்சிரைப்பது போல் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. வாகனம் பார்க்கப் போகும்போதே இதைச் செய்யலாம். இன்னுமொன்று: போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் ஏதோ மறைக்கப்படுகிறது. சரக்கில் குறையிருந்தால் வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும் என்ற மார்க்கத்தின் கட்டளை ஏனோ வாகன வியாபாரத்தில் மாத்திரம் பலருக்கு மறந்துவிடுகிறது.

பழைய டீசல் எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 ரக டீசல் ஒயில், 5 முதல் 7 லீற்றர் வரை பிடிக்கும். சரியான அளவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டருடன் மாற்றுங்கள். பில்டரை ஒருமுறை விட்டு ஒருமுறை மாற்றிச் சேமிக்கும் காசு ஒரு மூடை சீனியின் இலாபத்துக்கும் வராது. கியர்பொக்ஸ், டிஃபரென்ஷல் ஒயில்களையும் முதல் மாதத்திலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள். டிஃபரென்ஷல் ஒயில் வெளிறிப் பாலாக வந்தால் வாகனம் வெள்ளத்தில் நின்றதா என்று சந்தேகிக்க வேண்டும். 2016 மே மாத வெள்ளத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்திலும் மூழ்கிய வாகனங்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுத்தடம் தெரியும்.

சூடுதான் எமன்

எஞ்சின் வயதால் சாவதைவிடச் சூட்டால் சாவதே அதிகம். 4டி56 எஞ்சினின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தாலானது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் வளையும், அல்லது வெடிப்பு விழும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் இடைவிடாது குமிழிகள் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்புண்டு. சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புத்தளம், அநுராதபுரம், யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றர் குழாய்களிலும் படிகிறது. ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

'எங்கள் நாட்டு வெயிலுக்குத் தேவையில்லை' என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது பல கராஜ்களில் வழக்கம். இது பிழை. தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும், டீசல் கூடுதலாகப் போகும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். உங்கள் வாகனத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் புதிதாகப் போடுங்கள். விலை அதிகமில்லை.

டீசலும் தண்ணீரும்

டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உள்ளே வேறு ஒயில் கிடையாது, டீசலே அவற்றுக்கு ஒயில். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் அந்த வழுவழுப்பு குறைவு. வீதியோரத்தில் கேனில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி ஊற்றுபவர் பம்பை அரைத்துக்கொள்கிறார்.

டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணமும் ஒரு திருகாணியும் இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் தளர்த்தி, தண்ணீர் வடிந்து தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள். பின்னர் கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, கடைப் பொடியனுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். டேங்கைக் காலியாக விடாமல் மாலையிலேயே நிரப்பிக்கொண்டால் இரவில் உள்ளே ஈரம் கோர்ப்பது குறையும். ஷெட்டில் பவுசர் இறக்கிக்கொண்டிருந்தால் அந்நேரம் அடிக்காதீர்கள், நிலத்தடித் தாங்கியின் கசடு கலங்கியிருக்கும்.

2005 இற்குப் பின் வந்த ஹைலக்ஸ் விகோ போன்ற கொமன் ரெயில் வாகனம் என்றால் இவ்விடயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 1,000 பார் அழுத்தத்துக்கு மேல் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத தூசும் அவற்றைக் கெடுத்துவிடும், ஒரு தொகுதி மாற்றுவதென்றால் சிறு வியாபாரியின் கை தாங்காது. கம்பனித் தரமான பில்டர் மாத்திரம் போடுங்கள். பஞ்சிகாவத்தையில் பொடி பாகமோ கதவோ பழையது வாங்கலாம், நாமும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இன்ஜெக்டரையும் பிரேக் பாகங்களையும் அப்படி வாங்க வேண்டாம்.

பாரம் ஏற்றும்முன்

கெப் லொறியல்ல. ஒரு சிங்கிள் கெப் சுமக்கக்கூடியது ஏறத்தாழ ஒரு தொன், அதாவது 50 கிலோ சீமெந்து 20 பக்கட். டபள் கெப் என்றால் அதைவிடக் குறைவு. எம்மவர்கள் 30 ஏற்றிவிட்டு, வண்டி தாழ்கிறதே என்று பின்னுக்கு ஸ்பிரிங் தகடு கூட்டுகிறார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஓர் அபாயம் உண்டு. அநேக ஜப்பானியக் கெப்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையில் ஒரு சிறு கம்பியுடன் வால்வு ஒன்று இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின் சில்லுகளுக்கு எவ்வளவு பிரேக் கொடுக்க வேண்டும் என்று அது தீர்மானிக்கும். தகடு கூட்டினால் வண்டி தாழாது. பாரமே இல்லை என்று வால்வு நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஒன்றரைத் தொன்னுடன் பெரகலை இறக்கத்தில் இறங்கும்போது முன் பிரேக் மாத்திரமே வேலை செய்கிறது என்றால் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே தகடு கூட்டிய வாகனம் என்றால் அந்த வால்வைத் தெரிந்த ஒருவரிடம் சரிபார்க்க வேண்டும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழையதானால் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் அடிவரை போய்விடும். வாங்கியதும் மாற்றி, பின்னர் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் சாரதியிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள், அவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. பழைய மிட்சுபிஷி, டொயோட்டாக்களில் பிரேக்கை இலேசாக்கும் வெக்குவம் பம்ப் ஒல்டர்னேட்டரின் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் ஒயில்தான் அதற்கும் போகிறது. அந்தக் குழாயில் கசிவு ஏற்பட்டால் எஞ்சின் ஒயிலும் காலி, பிரேக்கும் கடினமாகும். ஒல்டர்னேட்டர் மாற்றும்போது பம்ப் உள்ளதைத்தான் போட்டார்களா என்று பாருங்கள்.

மீன் ஏற்றும் சகோதரர்கள், பேருவளை, கல்முனை, கல்பிட்டி போன்ற கரையோரங்களில் ஓடுபவர்கள், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். மேலே கழுவுவது அழகுக்கு. உப்பு அரிப்பது பின் பெட்டிக்குக் கீழே செசியின் உட்புறத்தில்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்ற சத்தம் மாறி மொத்தையாகக் கேட்கும் இடத்தில் துரு தின்றிருக்கிறது.

ஒரு சிறு கொப்பி

ஒரு கொப்பி வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். திகதி, மீற்றர், என்ன மாற்றியது, எவ்வளவு என்று ஒரு வரி எழுதினால் போதும். கடைக் கணக்கைச் சதம் தவறாமல் எழுதும் நாம் வாகனத்துக்கு மாத்திரம் வாய்க்கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு வருடம் எழுதினால் ஒரு கிலோமீற்றருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரியவரும். கூலிக்கு ஓடுவதாயின் எவ்வளவு கேட்பது என்பதும் அப்போதுதான் புரியும். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒவ்வொரு சந்தை நாளும் தனியாக எடுத்து வைப்பவருக்கு அடுத்த பெல்ட்டோ டயரோ சுமையாகத் தெரியாது. ஸகாத் கணக்குப் பார்க்கும்போது, தொழிலுக்கு ஓடும் வாகனம் அதில் சேராது, ஆனால் இப்படிச் சேர்ந்திருக்கும் காசு சேரும். சந்தேகமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் இவை இருக்கட்டும்: ஒரு டீசல் பில்டர், ஃபேன் பெல்ட், 5 லீற்றர் நல்ல தண்ணீர், ஒரு லீற்றர் ஒயில், வேலை செய்யும் ஜக். ஜக்கை வீட்டு முற்றத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வையுங்கள்.