போப்புக்கே மறுப்பு எழுதிய ஆயர்

1253-இல் போப் நான்காம் இன்னசென்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். இங்கிலாந்தின் லிங்கன் பேராலயத்தில் காலியாகும் குருப்பதவி ஒன்றைத் தம் உறவினரான ஃபெடரிகோ என்ற இத்தாலிய இளைஞருக்குத் தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் இது சர்வசாதாரணம். இத்தாலியில் இருந்துகொண்டே ஆங்கிலேய ஆலயங்களின் வருமானத்தை வாங்கிக்கொண்டு, தம் பங்கு மக்களின் முகத்தையே பார்க்காத குருக்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் லிங்கனின் ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் முடியாது என்று பதில் எழுதிவிட்டார். அப்போது அவருக்கு ஏறக்குறைய எண்பது வயது.

இத்தனைக்கும் அவர் கலகக்காரர் அல்ல. கீழ்ப்படிதலை அவரைப்போல் வற்புறுத்தியவர்கள் குறைவு.

சஃபோக் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெரிய வீட்டுப் பிள்ளைகளே ஆயர் நாற்காலியில் அமர்ந்த நூற்றாண்டில் படிப்பு ஒன்றையே நம்பி மேலே வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பாடம் நடத்தினார். 1232-இல் கடும் நோயிலிருந்து பிழைத்ததும், லிங்கன் பேராலயத்தில் இருந்த ஒரு பதவியைத் தவிர மற்ற வருமானங்கள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தார். கன்னியாஸ்திரியாக இருந்த அவருடைய சகோதரிக்கு இதில் வருத்தம். அவரைத் தேற்றி ஒரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

1235-இல் ஆயரானார். ஹம்பர் ஆற்றிலிருந்து தேம்ஸ் வரை நீண்ட லிங்கன், இங்கிலாந்திலேயே பெரிய மறைமாவட்டம். உட்கார்ந்த இடத்திலிருந்து ஆள்வது அவர் வழக்கமில்லை. ஊர் ஊராகச் சென்றார். குருக்களையும் மக்களையும் கூட்டிவைத்துப் பேசினார். ஒழுங்கு தவறிய மடாதிபதிகளைப் பதவியிலிருந்து இறக்கினார். அடுத்து, தம் சொந்தப் பேராலயத்தின் குருக்களையே சோதிக்கக் கிளம்பினார். அவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆயரைத் தாக்கிப் பிரசங்கித்து, "நாங்கள் பேசாவிட்டால் கற்களே கூக்குரலிடும்" என்றாராம். அந்த நொடியில் பேராலயத்தின் கோபுரம் இடிந்து விழுந்ததாம். மேத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்த கதை இது. அப்படியே நம்பிவிட முடியாது. கோபுரம் இடிந்தது மட்டும் உண்மை. தகராறு வழக்காகி 1245 வரை நீண்டு, கடைசியில் ஆயர் பக்கமே தீர்ப்பானது. தீர்ப்பளித்தவர் அதே நான்காம் இன்னசென்ட்தான்!

இத்தனை அலைச்சலுக்கு நடுவே அவர் படித்ததும் எழுதியதும் வியப்பூட்டுகின்றன. முதிய வயதில் கிரேக்கம் கற்று, உதவியாளர்களோடு அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' முழுவதையும் லத்தீனுக்குக் கொண்டுவந்தார். ஒளி பற்றிய நூலில், ஒரே ஒரு புள்ளியில் தோன்றிய ஒளி எல்லாத் திசைகளிலும் விரிந்ததே பிரபஞ்சம் என்றார். வானவில்லுக்கு ஒளி விலகலைக் காரணம் காட்டினார். லிங்கன் சீமாட்டிக்கு வீட்டு நிர்வாகக் குறிப்புகளும் எழுதித் தந்தார்: தனி அறையில் சாப்பிடாதீர்கள், எல்லோரும் பார்க்கப் பொதுக்கூடத்தில் அமருங்கள் என்கிறார்.

கறையும் உண்டு. லெஸ்டரிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்கு இடம் கொடுத்த வின்செஸ்டர் சீமாட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இரக்கத்தைத் தேடிப் பார்த்தாலும் அதிகம் கிடைக்காது.

மீண்டும் 1253-க்கு வருவோம். போப்பின் அதிகாரம் ஆன்மாக்களைக் காக்கக் கிறிஸ்து தந்தது, அழிக்க அல்ல. மேய்க்காத மேய்ப்பரை மந்தைக்கு அனுப்பும் ஆணை அந்த அதிகாரத்திலிருந்து பிறந்திருக்கவே முடியாது. ஆகவே பிள்ளைக்குரிய பணிவோடுதான் மறுக்கிறேன் என்பது அவர் வாதம். 1250-லேயே லியோன் நகரில் போப்பின் முன்னிலையில், திருச்சபையின் சீர்கேட்டுக்கு வேர் போப்பின் அரசவைதான் என்று குற்றஞ்சாட்டியவர் அவர். ஆகவே இந்தக் கடிதம் திடீரென்று முளைத்ததல்ல.

அந்த ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி பக்டன் என்ற ஊரில் அவர் இறந்தார். லிங்கனில் இருந்த அவர் கல்லறையில் அற்புதங்கள் நடப்பதாகப் பேச்சு எழுந்தது. புனிதர் பட்டம் கேட்டு லிங்கன் குருக்கள் பலமுறை விண்ணப்பித்தார்கள். அரசர் முதலாம் எட்வர்டும் போப்புக்கு எழுதினார். பட்டம் கிடைக்கவேயில்லை.