டாங்கியும் அன்று, பர்மாவும் அன்று

நம் இல்லங்களில் பழைய டிரங்குப் பெட்டி திறக்கப்படும்போது, ஓரம் மங்கிய புகைப்படம் ஒன்றேனும் வெளிவருவதுண்டு. காக்கி உடையில் ஓர் இளைஞர்; அருகே ஓர் இரும்பு வண்டி. "தாத்தா பட்டாளத்தில் டாங்கி ஓட்டினார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வண்டி யாது, அது எங்கே நின்றது என்று கேட்பார் இலர். கேட்டால் கிடைக்கும் விடை சிறிதன்று என்பதை அண்மையில் நாம் உணர்ந்தோம்.

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து மூதாட்டி ஒருவர் துணியில் சுற்றிய படமொன்றை நம்மிடம் நீட்டினார். "நீ ரயில்வேயில் இருக்கிறாய், தம்பி. இதில் தண்டவாளம் தெரிகிறது. பார்த்துச் சொல்" என்றார். படத்தில் இருப்பவர் அவருடைய தந்தை. பட்டாளத்தில் வண்டியோட்டியாகச் சேர்ந்து, 1944-இல் பர்மாப் போர்முனையில் மாண்டவர். மகளின் முகத்தை அவர் பார்த்ததில்லை. மகளும் அவர் முகத்தை இந்த ஒரு படத்தால்தான் அறிவார். படத்தின் அடியில், "பர்மாவில் டாங்கியுடன்" என்று உறவினர் யாரோ எழுதியிருந்தனர். குடும்ப வரலாற்றை அச்சிட முனைந்துள்ள பேரன், அவ்வாசகம் மெய்தானா என்று அறிய விரும்பினான்.

பூதக்கண்ணாடியுடன் இரண்டு மாலைப்பொழுதுகள் அமர்ந்தோம். முதலில் நோக்கியவை சக்கரங்கள். டாங்கி சங்கிலிப் பட்டையின்மேல் ஊர்வது. இவ்வண்டிக்கோ நான்கு ரப்பர் சக்கரங்கள். ஆகவே இது டாங்கி அன்று, கவச வண்டி.

அடுத்து, எஞ்சின் எங்கே? தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்ட மார்மன்-ஹெரிங்டன் கவச வண்டிக்கு எஞ்சின் முன்னால். ஆதலின் மூக்கு நீண்டிருக்கும். நம் படத்து வண்டிக்கு நீண்ட மூக்கு இல்லை. சரிந்த தகடுகளே முன்புறம். எஞ்சின் பின்னால். தகடுகளை ரிவிட் அடித்து இணைத்திருக்கின்றனர், மேற்புறம் திறந்திருக்கிறது. இவ்வடையாளங்கள் யாவும் ஒரே வண்டியைச் சுட்டுகின்றன. அதன் முறையான பெயர் 'இந்தியன் பேட்டர்ன் கேரியர்'. படைவீரர் வழங்கிய பெயரோ, 'டாட்டாநகர்'!

ஆம், நம் ஊரின் பெயரேதான். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் ஃபோர்டு கம்பெனியிலிருந்து சேஸிஸ் கப்பலில் வந்தது. கவசத் தகட்டை இங்குள்ள டாட்டா இரும்பாலை உருக்கித் தந்தது. உடற்கூட்டை ரயில்வே பட்டறைத் தொழிலாளர் பொருத்தினர். இவ்வாறு 4,600-க்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகி, வட ஆப்பிரிக்கப் பாலைவனம் வரை சென்று உழைத்தன.

மேற்கூட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வோர் ஏமாறுவதும் உண்டு. 1920-களில் இந்தியாவுக்கு வந்த கிராஸ்லி கவச வண்டிகளின் சேஸிஸ் தேய்ந்தபோது, 1939-இல் பழைய கூடுகளைக் கழற்றிப் புதிய ஷெவர்லே சேஸிஸின்மேல் ஏற்றினர். மேலே பார்த்தால் ஒரு காலம். கீழே பார்த்தால் வேறொரு காலம். ஆதலால் சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

இனி, இடம் எது? வண்டி தட்டையான சரக்கு வேகன்மீது ஏற்றப்பட்டிருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி அந்த இளைஞர் நிற்கிறார். இங்கே நம் தொழிலறிவு கைகொடுத்தது. பர்மாவில் மீட்டர் கேஜ்; இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். அது நடுத்தர உயரமுள்ள மனிதரின் இடுப்பளவு. ஐரோப்பாவிலும் எகிப்திலும் பெரும்பாலும் 1,435, அது தோளளவு. நம் நாட்டு அகலப் பாதையோ 1,676, ஏறக்குறைய உச்சந்தலையளவு. அளவுகோலை வைத்து அளந்தோம். இளைஞரின் உயரமும் பாதையின் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன.

ஆக, டாங்கியும் அன்று, பர்மாவும் அன்று. இதை எவ்வாறு சொல்வதென்று தயங்கியவாறே அவர் இல்லம் சென்றோம். பேரனின் முகம் வாடியது. "அப்படியானால் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யா?" என்றான்.

மூதாட்டி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "பொய் என்ன இருக்கிறது? அப்பா போருக்குப் போகுமுன் நம் நாட்டு மண்ணில் நிற்கிறார். நான் மணமாகி 1962-இல் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே செய்த வண்டிக்குப் பக்கத்தில் அவர் அதற்கு முன்பே நின்றிருக்கிறார். அதை எழுது" என்றார். பேரனும் அவ்வாறே திருத்தி எழுதினான்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகைய படம் இருத்தல் கூடும். சட்டத்துக்குப் பொருந்தவில்லையென்று ஓரத்தை வெட்டாதீர்கள். தண்டவாளமும் வண்டி எண்ணும் படையின் சின்னமும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். பசை தடவி ஒட்டாதீர்கள். பின்புற எழுத்து மறைந்துவிடும். பழைய குறிப்பு தவறாயினும் அழிக்க வேண்டா. திருத்தத்தை வேறு தாளில் எழுதி உடன் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியோர் இருக்கும்போதே படத்தை அவர்கள் கையில் கொடுத்துக் கேளுங்கள். வண்டியைப் பூதக்கண்ணாடி காட்டும். அருகில் நிற்பவரை அவர்கள்தாம் காட்ட முடியும்.